கையை விட்டுவிட்டுக் கிணற்றில் நிற்பது: ஜப்பானின் பழைய போர் நீச்சலும் நம்ம ஊர்த் தண்ணீரும்

ஒரு சொம்பில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி, நீச்சல் தெரிந்த ஒருவர் கையில் கொடுங்கள். கிணற்றின் நடுவில், சுவரையோ கயிற்றையோ தொடாமல், சொம்பைத் தலைக்கு மேல் பிடித்தபடி ஒரு நிமிடம் நிற்கட்டும். சொம்புத் தண்ணீர் சிந்தக்கூடாது, கிணற்றுத் தண்ணீர் வாய்க்குள் போகக்கூடாது. நீச்சல் குளத்தில் நாலு நீளம் சளைக்காமல் போய்வருகிறவர்களில் பலர் இருபது வினாடியில் சொம்பைத் தண்ணீருக்குள் இறக்கிவிடுவார்கள். கை வீசினால்தான் அவர்களுக்கு மிதப்பு. கையை எடுத்துவிட்டால் கால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஜப்பானில் இந்த ஒரு விஷயத்தை வைத்தே ஒரு போர்க்கலை வளர்ந்திருக்கிறது. இன்று அதற்குப் பொதுப்பெயர் நிஹோன் எய்ஹோ, அதாவது ஜப்பானிய நீச்சல் முறை. பழைய பெயர் சுயெய்ஜுட்சு. 1603 முதல் 1868 வரை நீடித்த எடோ காலத்தில், ஒவ்வொரு சிற்றரசின் சாமுராய்களும் அவரவர் ஊர்த் தண்ணீருக்குத் தகுந்தபடி இதை வளர்த்தார்கள். நோக்கம் வேகம் அல்ல. கையில் வில்லோ துப்பாக்கியோ நனையாமல் இருக்க வேண்டும், கண் எதிரியின் மேல் இருக்க வேண்டும், உடம்பில் கவசம் இருந்தாலும் அக்கரை சேர வேண்டும். சத்தமில்லாமல், களைக்காமல், முகம் நனையாமல் போவதுதான் தேர்ச்சி.

நம்ம கொங்குப் பக்கத்துக்கு இது ஏன் பொருந்தும் என்றால், நம் தண்ணீரும் வேகத்துக்கான தண்ணீர் இல்லை. நான்கு பக்கமும் செங்குத்துச் சுவர், ஒரே ஒரு படிவரிசை, கீழே எத்தனை ஆழம் என்று தெரியாத கிணறு. இரண்டு பக்கமும் வழுக்கும் சரிவோடு பவானிசாகரில் தொடங்கி 200 கிலோமீட்டர் ஓடும் கீழ்பவானி வாய்க்கால். இந்த இடங்களில் ஒருவரைக் காப்பாற்றுவது நூறு மீட்டரை எத்தனை நொடியில் கடந்தார் என்பது அல்ல. கயிறு வரும்வரை தலையை மேலே வைத்து, கையைக் கயிற்றுக்காகக் காலியாக வைத்திருந்தாரா என்பதுதான். கொங்கில் 'தண்ணி மிதிக்கறது' என்று ஒரு சொல்லே இருக்கிறது. ஜப்பானில் கோபோரி வழியினர் (வழி என்றால் இங்கே ஒரு நீச்சல் மரபு) தங்கள் கலைக்கு வைத்த பெயரும் கிட்டத்தட்ட அதே பொருள்தான்: தோசுய்ஜுட்சு, தண்ணீரை மிதிக்கும் கலை.

இன்று ஜப்பான் நீச்சல் சம்மேளனம் 13 வழிகளை அங்கீகரித்திருக்கிறது. எல்லாவற்றையும் அடுக்க வேண்டியதில்லை. ஆனால் தண்ணீர் எப்படியோ நீச்சல் அப்படி என்பதை நாலு ஊரைச் சொன்னாலே புரிந்துகொள்ளலாம். மித்தோ ஊர்க்காரர்கள் நாகா ஆற்றில் பழகினார்கள். ஓடும் தண்ணீரைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்ததால் அவர்களுடைய சுய்ஃபு வழியில் ஒருக்களித்து நீந்துவது ஓங்கி நிற்கிறது. ட்சு ஊர்க்காரர்களுக்குக் கடல். அவர்களுடைய கன்காய் வழி, தவளைக் காலோடு கூட்டமாக நெடுந்தூரம் போவதற்குப் பேர் போனது. தகமட்சு கோட்டையின் அகழியில் கடல் நீரே வந்து நிற்கும், அங்கே பிறந்தது சுய்நின் வழி. குமமொட்டோவில் கோபோரி வழி. நின்ற நிலை நீச்சலில் கரைகண்டவர்கள் இவர்கள்தான். அந்தக் காலத்தில் கவசம் பூண்டு பிரபுவின் முன்னால் நீந்திக் காட்டிய சடங்கை இன்றும் செய்கிறார்கள்.

எல்லா வழிகளுக்கும் அடியில் உடம்பின் மூன்று கிடப்புகள்தான் இருக்கின்றன: குப்புறக் கிடப்பது, ஒருக்களித்துக் கிடப்பது, நிற்பது. கால் வேலையும் அடிப்படையில் மூன்று. கத்திரிபோல் விரித்து அடைப்பது அஓரி-அஷி. தவளைக்கால் கயேரு-அஷி. மாற்றி மாற்றி மிதிப்பது ஃபுமி-அஷி. நம்ம ஊருக்கு முதலில் வேண்டியது மூன்றாவது. அதனால் அதில்தான் நிறைய நிற்கப்போகிறேன்.

மிதிப்பதற்கு முன் ஒரு கணக்கு. அறுபது கிலோ உடம்புக்காரர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு நல்ல தண்ணீரில் அசையாமல் நின்றால் உச்சந்தலையும் நெற்றியும் வெளியே தெரியும். வாய் உள்ளே இருக்கும். வாயை வெளியே கொண்டுவர மூன்று நான்கு கிலோ தூக்க வேண்டும். ஏனென்றால் தண்ணீருக்கு மேலே வரும் ஒவ்வொரு பாகமும் தன் முழு எடையோடு கீழே அழுத்தும். ஒரு கை உடல் எடையில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு, அதாவது மூன்று கிலோ. இரண்டு கையையும் முழுதாக மேலே தூக்கினால் இன்னும் ஆறு கிலோ. ஆகக் கால் தாங்க வேண்டியது ஒன்பது முதல் பத்து கிலோ. சொம்பு ஒரு லிட்டர் என்றால் அதற்கும் சேர்த்து ஒன்றரை கிலோ. மூச்சுக்கும் இதில் பங்கு உண்டு. நெஞ்சில் இருக்கும் ஒரு லிட்டர் காற்று ஒரு கிலோ தூக்கும். பயத்தில் 'ஆ'வென்று கத்தி மூச்சை முழுதாக விட்டவர் அந்த நொடியில் இரண்டு மூன்று கிலோ கனம் கூடிக் கீழே போகிறார். தத்தளிக்கிறவர் இரண்டு கையையும் மேலே தூக்கிக் கத்துவதைப் பார்த்திருப்பீர்கள். கைக்கு ஆறு கிலோ, விட்ட மூச்சுக்கு மூன்று கிலோ. அவரை முழுக அடிப்பது இந்தக் கணக்குத்தான்.

கடலில் பழகியவர்கள் கிணற்றுக்கு வந்தால் தடுமாறுவதற்கும் இதுவே காரணம். உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட நூற்றுக்கு இரண்டரை பங்கு அடர்த்தி கூடியது. அறுபது கிலோ உடம்புக்கு அது ஒன்றரை கிலோ இலவசத் தூக்கல். நம் கிணறு அந்தச் சலுகையைத் தராது.

இப்போது மிதி. முதலில் கரையில் பழகுங்கள். திண்ணை விளிம்பிலோ ஸ்டூலின் முன் விளிம்பிலோ, தொடையில் பாதி மட்டும் பதிந்திருக்கும்படி உட்காருங்கள். முதுகு நேர். இரண்டு முழங்காலுக்கும் நடுவே தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் இடைவெளி. கணுக்காலை மேலே மடக்கிப் பெருவிரலை வெளிப்பக்கம் திருப்புங்கள். இந்த நிலையில் பாதத்தின் உள்விளிம்பும் கெண்டைக்காலின் உள்பக்கமும் தண்ணீரைத் தள்ளும் பலகையாகிவிடும். இனி வலது பாதத்தால் தரைக்கு மேலே ஒரு வட்டம் போடுங்கள்: வெளியே, முன்னே, உள்ளே, பின்னே. மேலிருந்து பார்த்தால் இது இடஞ்சுழி. இடது பாதம் அதற்கு நேர்மாறாக வலஞ்சுழி. வட்டம் முழங்காலுக்குக் கீழேதான் சுற்ற வேண்டும், தொடை அதிகம் ஆடக்கூடாது. ஆனால் சுழற்சியின் ஊற்று இடுப்பு மூட்டில் இருக்க வேண்டும். முழங்காலை மட்டும் திருகினால் அதன் உள்பக்க நாண் இரண்டு நாளில் வலி சொல்லும்.

ஒரு கால் தனியாகச் சுற்ற வந்த பிறகு இரண்டையும் சேருங்கள். ஒன்று வெளியே போகும்போது மற்றொன்று உள்ளே வர வேண்டும். கேட்க எளிது, கால் கேட்காது. இரண்டும் ஒன்றாகச் சுற்ற ஓடும், அதுதான் தவளைக்கால். தவளைக்காலிலும் நிற்கலாம், ஆனால் உதைத்தால் ஏறுவீர்கள், காலை மடக்கினால் இறங்குவீர்கள். சொம்புத் தண்ணீர் சிந்துவது இந்த ஏற்ற இறக்கத்தில்தான். மாற்றி மிதிக்கும்போது ஏதாவது ஒரு கால் எப்போதும் தாங்கிக்கொண்டிருப்பதால் தலை ஒரே மட்டத்தில் நிற்கும். வாட்டர் போலோ ஆடுகிறவர்கள் முட்டை அடிக்கும் கருவியின் பெயரைச் சொல்லிப் பழகும் உதையும் இதே குடும்பம்தான்.

கரையில் தினமும் பத்து நிமிடம், ஒரு வாரம். அதன்பின் தண்ணீர். கொங்கில் சுரைப்புருடை (காய்ந்த சுரைக்காய்க் கூடு) கட்டித்தான் பொடுசுகளுக்கு நீச்சல் பழக்குவது வழக்கம். அது இதற்கும் உதவும், ஆனால் கட்டும் இடம் மாற வேண்டும். வழக்கமாக முதுகில் கட்டுவோம். குப்புற நீந்த அது சரி. நிற்கப் பழகும்போது முதுகில் மிதப்பு இருந்தால் உடம்பு முன்னால் சாய்ந்து முகம் தண்ணீருக்குப் போகும். இரண்டு புருடையையும் இரண்டு அக்குளுக்குக் கீழே, விலாவோடு ஒட்டினாற்போல் கட்டுங்கள். ஒவ்வொன்றும் மூன்று லிட்டர் கொள்ளும் என்றால் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஆறு கிலோ தாங்கும். அந்த நிலையில் மிதியைச் சரிசெய்துகொண்டு, பிறகு சின்னப் புருடைகளுக்கு மாறி, கடைசியில் கழற்றிவிடலாம். ஒன்றை மட்டும் கழற்றாதீர்கள், உடம்பு ஒரு பக்கம் சாயும். புருடையில் கீறல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள்; குமிழி வந்தால் அது வேண்டாம். லாரி டியூப் வேண்டவே வேண்டாம். அதன் நடுவே நிற்கிறவருக்குக் கால் வேலையே இல்லாமல் போகும். வால்வு விலாவைக் கிழிக்கும்.

தண்ணீரில் ஒரு கால் ஒரு சுற்றுக்கு ஒரு நொடி என்ற கதி போதும். அவசரம் அவசரமாக மிதிப்பவர்கள் சின்ன வட்டம் போடுகிறார்கள் என்று பொருள். அகலமாக, நிதானமாக, அழுத்தி. முதலில் இரண்டு கையும் தண்ணீருக்குள் நெஞ்சுக்கு முன்னால் அகன்று கிடக்கட்டும். வாய் தண்ணீருக்கு மேலே இரண்டு நிமிடம் நின்றால், மணிக்கட்டு வரை வெளியே எடுங்கள். அதுவும் இரண்டு நிமிடம். பிறகு முழங்கை வரை. பிறகு ஒரு கை முழுவதும். கடைசியில் இரண்டு கையும். தாவிப் போகாதீர்கள். ஒவ்வொரு படிக்கும் ஒன்றிரண்டு கிலோதான் கூடுகிறது, கால் அதற்குப் பழக நாலைந்து நாள் பிடிக்கும்.

எங்கே தவறும்? அதிகம் தவறுவது சைக்கிள் மிதி. முன்னும் பின்னும் மிதித்தால் தண்ணீர் முன்னும் பின்னும் போகும். ஆள் மேலே வரமாட்டார், மூச்சுமட்டும் வாங்கும். முழங்கால்கள் நெருங்கியிருக்கின்றன என்பதுதான் இதற்குப் பாதிக் காரணம். விரித்தாலே வட்டம் தானாக வெளிப்பக்கம் போகும். இரண்டாவது, பாதம் நீட்டியிருப்பது. நடனக்காரர் போல விரலை நீட்டினால் கத்தியாகத் தண்ணீரை அறுக்கும், பலகையாகத் தள்ளாது. கணுக்கால் விறைப்பாக இருக்கிறவர்களுக்கு இது இரண்டு மூன்று வாரம் பிரச்சினைதான். தினமும் குத்துக்காலிட்டு, குதிகால் தரையில் பதிய ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் இளகும். இந்திய முறைக் கழிப்பறையில் வளர்ந்தவர்களுக்கு இது சீக்கிரம் வருகிறது. நாற்காலியிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் பாடு.

மூன்றாவது, பயத்தில் மோவாயை மேலே தூக்கி வானத்தைப் பார்ப்பது. தலை பின்னால் போனால் இடுப்பு முன்னால் மிதந்து வரும், கால் அடியில் நிற்காது, மிதி வீண். ஜப்பானிய முறையில் பார்வை எதிர்க்கரையில் நேராக இருக்கும். போரில் அது எதிரியைப் பார்க்க. நம்ம கிணற்றில் எதிர்ச் சுவரில் ஒரு கல்லைக் குறி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கல் ஏறி இறங்கினால் நீங்கள் ஏறி இறங்குகிறீர்கள். அது சுற்றினால் ஒரு கால் மற்றதைவிடப் பலமாக மிதிக்கிறது. இப்படிப் பிழையை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். நாலாவது, மூச்சு. முழுதாக விடக் கூடாது. நெஞ்சை எப்போதும் முக்கால் நிறைவில் வைத்து, மேலோட்டமாகச் சட்டென விட்டுச் சட்டென இழுக்க வேண்டும்.

இதில் தேறியவர்கள் ஜப்பானில் செய்து காட்டும் பயிற்சிகளைப் பார்த்தால் அவை வேடிக்கைக்காக வந்தவை அல்ல என்று புரியும். சுய்ஷோ என்பது நீரில் நின்று எழுதுவது. ஒரு கையில் பலகையோ காகிதமோ, மறு கையில் தூரிகை. பெரிய எழுத்துகளாக எழுதி முடிக்க வேண்டும், மை கரையக் கூடாது. உடம்பு ஒரு விரற்கடை ஆடினாலும் எழுத்தின் கோடு காட்டிக்கொடுத்துவிடும். விசிறியைக் கையில் விரித்தபடி நனைக்காமல் நீந்துவது, பெரிய கொடியை நீரில் நின்றே வீசுவது, வில் எய்வது எல்லாம் இதே அடித்தளத்தில் நிற்பவை. கவசம் போட்டு நீந்துவதில் ஒரு நுட்பம் கவனிக்க வேண்டியது: இரும்பு தண்ணீருக்குள் போனாலும் தன் எடையில் எட்டில் ஒரு பங்கைத்தான் இழக்கும். பத்து கிலோ இரும்பு உள்ளேயும் எட்டே முக்கால் கிலோ. மிதப்பை நம்பிப் பயனில்லை, மிதி மட்டுமே தாங்க வேண்டும்.

நமக்குக் கவசம் இல்லை, வேட்டியும் சேலையும் இருக்கின்றன. தவறி விழுகிறவர்கள் யாரும் நீச்சல் உடையில் விழுவதில்லை. அதனால் உடுத்திய துணியோடு பழகாத நீச்சல் பாதி நீச்சல்தான் என்று உறுதியாகச் சொல்வேன். நனைந்த பருத்தித் துணி தண்ணீருக்குள் இருக்கும்வரை கனமே இல்லை. தண்ணீருக்கு மேலே தூக்கினால்தான் கனக்கும். ஆகவே சட்டை போட்ட கையை மேலே தூக்காதீர்கள். துணியின் உண்மையான ஆபத்து காலைச் சுற்றுவது. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தால் மிதிக்கலாம். சேலை என்றால் கொசுவத்தைக் கால் நடுவே வாங்கிப் பின்னிடுப்பில் செருகிக்கொண்டு பழக வேண்டும். மடித்துக் கட்டாத வேட்டியோடு விழுந்தால் முதல் வேலை அதை அவிழ்ப்பது. கால் மிதிக்கத் தெரிந்தவருக்குத்தான் அவிழ்க்கக் கை காலியாக இருக்கும். சில வழிகளில் கையையும் காலையும் கட்டிக்கொண்டு நீந்தும் பாடமே உண்டு. சிறைபட்டவன் தப்புவதற்கான பயிற்சி என்று மட்டும் அதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சேலைக்குள் சிக்கிய காலுக்கும் அது பொருந்தும். இதை மட்டும் கட்டாயம் ஆள் துணையோடு, இடுப்பளவுத் தண்ணீரில்.

இனி ஒருக்களித்த நீச்சல். பெயர் நோஷி, நீள்வது, நீட்டுவது என்று பொருள். பெயரிலேயே பாடம் இருக்கிறது: உதைக்கும் நேரத்தைவிட நீண்டு வழுக்கிப்போகும் நேரம் அதிகம். வலப்பக்கம் ஒருக்களித்துக் கிடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கீழ்க்கை தலைக்கு முன்னால் நீண்டிருக்கும், மேல்கை தொடையோடு கிடக்கும். கீழ்க்காது தண்ணீரில், வாய் வெளியே. இரண்டு கையையும் மார்புக்கு முன்னால் கொண்டுவந்து சேர்க்கும்போதே முழங்கால்களை மடக்குங்கள். பிறகு மேல்காலை முன்னாலும் கீழ்க்காலை பின்னாலும் விரியுங்கள். மேல்காலின் உள்ளங்காலும் கீழ்க்காலின் புறங்காலும் தண்ணீரைக் கவ்வும். இரண்டையும் கத்திரி அடைப்பதுபோல் சேர்க்கும் அதே கணத்தில், கீழ்க்கை முன்னே பாய மேல்கை தொடைவரை தள்ள வேண்டும். அப்புறம் எதுவும் செய்யாதீர்கள். இரண்டு மூன்று எண்ணும்வரை கட்டையாக நீண்டு போங்கள். வேகம் குறையத் தொடங்கும் தருணத்தில்தான் அடுத்த இழுப்பு. கால் சேர்ந்த பிறகும் ஒன்றைத் தாண்டி ஒன்று போனால் உடம்பு உருளும். சேர்ந்த இடத்தில் நிறுத்துவதே அஓரி-அஷியின் நுட்பம். விரிப்பை வேகமாகச் செய்து அடைப்பை மெதுவாகச் செய்கிறவர்கள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். விரிப்பது மெதுவாக, அடைப்பது பலமாக.

இந்த நீச்சலில் முகம் நனையாது, மூச்சுக்குத் தலையைத் திருப்ப வேண்டாம், சத்தம் இல்லை, மேல்கையை நிறுத்திவிட்டாலும் போய்க்கொண்டே இருக்கலாம். அந்தக் கையால் ஒரு ஆளைப் பிடித்து இழுத்து வரலாம், துணி மூட்டையைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு போகலாம். ஓடும் தண்ணீரில் அக்கரைக்கு நேராகப் போய்ச்சேர நினைப்பதுதான் பெரிய தவறு. ஓட்டத்தோடு மல்லுக்கு நின்றால் ஐந்து நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். உடம்பைக் கரைக்குக் குறுக்காக வைத்து, தண்ணீர் இழுக்கிற தூரத்தை அதற்கே விட்டுக்கொடுத்து, கீழே ஐம்பதடி தள்ளி ஏறுவதாக முன்னதாகவே இடம் குறித்துக்கொள்ள வேண்டும். முகம் தண்ணீர் வரும் பக்கம் இருந்தால் மிதந்துவரும் கட்டையும் முள்ளும் கண்ணில் படும்.

ஆனால் தண்ணீர் திறந்துவிட்ட வாய்க்காலில் இறங்குவதற்கு இந்த நீச்சலைச் சாக்காக்காதீர்கள். மதகுக்குக் கீழே ஷட்டர் இழுக்கும் இழுவைக்கு எந்த வழி நீச்சலும் பதில் அல்ல. கொடிவேரி மாதிரித் தடுப்பணைகளின் அடியில், கொட்டுகிற தண்ணீர் கீழே போய் மேலே வந்து மறுபடியும் அணைப்பக்கமே திரும்பும். நுரையில் காற்று கலந்திருப்பதால் மிதப்பும் குறையும், மிதிக்கவும் பிடி கிடைக்காது. அங்கே இறங்காமல் இருப்பது ஒன்றே வழி.

நுகிதே என்பது தலையைத் தூக்கியபடியே கையை வெளியே எடுத்து வீசும் பழைய வேக நீச்சல். 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் ஜப்பான் முதன்முதலாக நீச்சலுக்கு ஆள் அனுப்பியபோது இவ்வகைப் பழைய முறைகளோடுதான் போனார்கள். கிரால் (முகத்தைத் தண்ணீரில் வைத்து மாற்றி மாற்றிக் கை வீசும் இன்றைய பந்தய நீச்சல்) நீந்தியவர்கள் முந்திவிட்டார்கள். பன்னிரண்டே ஆண்டில், 1932 லாஸ் ஏஞ்சல்ஸில், ஆண்கள் நீச்சலின் ஆறு தங்கத்தில் ஐந்தை ஜப்பான் எடுத்தது, கிராலைக் கற்றுக்கொண்டு. பழைய கலை அதனால் செத்துவிடவில்லை. பந்தயத்துக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டார்கள். நம்ம பிள்ளைகளுக்கு முதலாவதை மட்டும் காசு கொடுத்துக் கற்றுக்கொடுக்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

குதிப்பதிலும் அவர்களிடம் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. ஆழம் தெரியாத தண்ணீரில் தலை முழுகாமல் இறங்குவது. நம் கிணறுகளில் தண்ணீருக்குக் கீழே பாறைத் திட்டு, உடைந்த படிக்கல், மோட்டார் குழாய் எல்லாம் மறைந்திருக்கும், தலைகீழாகப் பாய்கிற பிள்ளைகள் கழுத்தை ஒடித்துக்கொள்வது அங்கேதான். படியில் நின்று, தண்ணீர் மட்டத்திலிருந்து மூன்றடிக்கு மேற்படாத உயரத்தில், ஒரு காலை முன்னே ஒரு காலைப் பின்னே அகலமாக விரித்து, கையைப் பக்கவாட்டில் நீட்டி, மார்பைக் கொஞ்சம் முன்சாய்த்து எட்டு வையுங்கள். தண்ணீர் தொடை நடுவைத் தொட்டதும் காலைக் கத்திரியாக அடையுங்கள், கையால் தண்ணீரைக் கீழே அழுத்துங்கள். மோவாய்க்கு மேல் நனையாது. முன்கூட்டியே காலை அடைத்துவிட்டால் கடப்பாரை மாதிரி நேரே உள்ளே போய்விடுவீர்கள். இருபதடி மேட்டிலிருந்து இதைச் செய்யாதீர்கள். விரித்த கால் கிழிந்துபோகும்.

இனாதோபி என்று இன்னொன்று இருக்கிறது. இனா என்பது மடவை மீன் குஞ்சு. அதுபோலத் தண்ணீரைவிட்டு எகிறுவது. நிற்கும் நிலையில் இருந்து காலை மடக்கி, ஒரே கத்திரி அடியும் இரண்டு கையின் கீழ்நோக்கிய தள்ளலும் ஒன்றாக விழுந்தால் இடுப்புவரை மேலே வரலாம். படகின் விளிம்பை எட்டிப் பிடிக்க இதுதான் உதவும். எட்டாத உயரத்தில் தொங்கும் கயிற்று நுனியைப் பிடிக்க, கொடி சுற்றிய காலை உருவிக்கொள்ள, நமக்கும் வேண்டியதே. மிதி பழகி மூன்று மாதம் கழித்து முயன்றால் போதும்.

பழகும் கிணற்றைப் பற்றி. படி தண்ணீர்வரை உடையாமல் இறங்க வேண்டும். தண்ணீர் எட்டடிக்குக் குறையக் கூடாது. அதற்குக் குறைந்தால் கால் தரையைத் தேடும், மிதி வராது. ஐப்பசி மழைக்குப் பிறகு தை வரை கொங்கில் நல்ல காலம். சித்திரையில் தண்ணீர் இறங்கிப் படி எட்டாது. இறங்கும் முன் மோட்டார் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, மெயினை இறக்கிப் பியூஸ் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். நீர்மூழ்கி மோட்டாரின் வயரில் சின்ன வெடிப்பு இருந்தாலும் தண்ணீர் முழுக்க மின்சாரம். அரை அங்குல நைலான் கயிறு ஒன்றை மரத்திலோ கமலைத் தூணிலோ கட்டி, தண்ணீருக்குள் ஆறடி தொங்கவிட்டு, அடிக்கு அடி முடிச்சுப் போட்டு வையுங்கள். வழுக்கும் கையால் முடிச்சில்லாத கயிற்றில் ஏற முடியாது. மேலே ஒரு பெரியவர், நீச்சல் தெரிந்தவராக, போனைப் பார்க்காமல் நிற்க வேண்டும். கிணற்றின் மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் நாலடிக்குக் கீழே குளிர் தாக்கும், மிதிக்கும் கால் அந்தக் குளிரில்தான் இருக்கிறது. கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது அதனால்தான். பிடித்தால் மிதியை நிறுத்தி மல்லாந்து, பெருவிரலைப் பிடித்து முகத்தை நோக்கி இழுங்கள். பிடிப்பு விட்டாலும் அன்றைக்கு அத்தோடு கரை ஏறிவிட வேண்டும். இருபது நிமிடம் ஒரு தடவைக்குப் போதும்.

யாராவது தத்தளித்தால் மிதிக்கத் தெரிந்தவரும் முதலில் தண்ணீரில் இறங்கக் கூடாது. கயிறு, அது இல்லாவிட்டால் முறுக்கிய சேலை. ஐந்தரை மீட்டர் நீளம், ஆளைத் தாங்கும். காலிப் பிளாஸ்டிக் குடம் இன்னும் நல்லது: பன்னிரண்டு லிட்டர் குடத்தின் வாயை மூடிப்போட்டால் பன்னிரண்டு கிலோ தாங்கும், இரண்டு பேருடைய தலைக்கு அது தாராளம். மூடி இல்லையென்றால் கவிழ்த்துப் போட்டு, கவிழ்ந்தபடியே கட்டிப்பிடிக்கச் சொல்லிக் கத்துங்கள். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முன்னாலிருந்து போகாதீர்கள், கழுத்தைக் கட்டிக்கொள்வார். இரண்டு கையெட்டு தூரத்தில் மிதித்து நின்று, குடத்தை அவர் நெஞ்சுக்குத் தள்ளிவிட்டு, அவர் அதைப் பற்றிய பிறகு பின்பக்கமாகச் சுற்றிப்போய் அக்குளுக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்து, ஒருக்களித்துப் படிப்பக்கம் இழுத்து வாருங்கள். குழந்தை என்றால் குடம் வேண்டாம். பின்னாலிருந்து இரண்டு கையாலும் விலாவைப் பிடித்து முகத்தை மேலே வைத்துக்கொண்டு, கயிறு வரும்வரை மிதித்துக்கொண்டே நில்லுங்கள்.